இலைக்குவியலும் லட்டு வேட்டையும்

எங்கள் வீட்டில் பண்டிகைகளைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம் இல்லை, என் மனைவியின் ரோஸ்டர். அவள் மெல்பனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். புது ரோஸ்டர் வந்ததும் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவாள். பொங்கலன்று அவளுக்கு மதிய ஷிஃப்ட் என்றால் பால் காலை ஆறு மணிக்கே பொங்கியாக வேண்டும். தீபாவளியன்று இரவு ஷிஃப்ட் என்றால் தீபாவளி அடுத்த சனிக்கிழமைக்கு நகர்ந்துவிடும். சாமிக்கு அதில் ஆட்சேபணை இருப்பதாக இதுவரை தகவல் இல்லை. நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். ஆகவே ஆறு வயது மகள், மூன்றரை வயது மகன் இரண்டு பேரின் டிபன் பாக்ஸ், சாக்ஸ், மூக்கு எல்லாம் என் இலாகா.

அந்த வருடம் நாங்கள் கிளென் வேவர்லியில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு மாறியிருந்தோம். ஸ்கூலுக்காகத்தான், அங்கே எல்லாரும் ஸ்கூலுக்காகத்தான் குடி வருகிறார்கள். மார்ச் பிறந்ததும் காற்று மாறியது. எனக்குச் சொந்த ஊர் மதுரை. சித்திரை வரப்போகிறது என்றால் விசிறி தேடிய உடம்பு இது. இங்கே சித்திரை வரப்போகிறது என்றால் ஸ்வெட்டர் தேடுகிறது. நாலு வருடமாகியும் அந்தக் குழப்பம் தீரவில்லை.

அந்த இலையுதிர் காலத்தை எங்களுக்குத் தொடங்கி வைத்தது ஒரு இட்லித் தட்டு.

ஈஸ்டர் லீவுக்கு முந்தைய வாரம், ஒரு காலை, எட்டே கால் மணி. மகள் யூனிஃபார்மோடு வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

“அப்பா, என் ஹேட் எங்கே?”

“உன் தலையிலதான் இருக்கு.”

“இது ஸ்கூல் ஹேட். நான் கேக்குறது ஈஸ்டர் ஹேட். இன்னிக்குத்தான் பரேட்.”

ஈஸ்டர் பரேட் என்றால் பிள்ளைகள் வீட்டில் செய்த தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்கூல் மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் வருவது. தொப்பியில் பூ, முயல், கோழிக்குஞ்சு, முட்டை எல்லாம் இருக்க வேண்டும். செய்தி பத்து நாள் முன்னாலேயே ஸ்கூல் ஆப்பில் வந்திருந்தது. நான் அதற்கு ஒரு இதயம் போட்டுவிட்டு மறந்திருந்தேன்.

மனைவி அப்போதுதான் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, ஒரு ஷூவைக் கழற்றி, இன்னொரு ஷூவைக் கழற்றத் தெம்பில்லாமல் சோபாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகளின் உதடு பிதுங்கத் தொடங்குவதைப் பார்த்தாள்.

“என்னங்க, இட்லித் தட்டை எடுங்க.”

“இப்பவா? இட்லியா?”

“எடுங்கன்னா எடுங்க.”

எடுத்தேன். நாலு குழித் தட்டு, அலுமினியம். அவள் அதைத் தலைகீழாகத் திருப்பினாள், நேராகத் திருப்பினாள், பிறகு குழியிலிருந்த ஓட்டைகளில் பரிசுப் பொட்டலத்திலிருந்து உருவிய ரிப்பனைக் கோத்தாள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சாக்லேட் முட்டை. கூட்டுக்குப் புல் வேண்டுமே என்றாள் மகள். மகன் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு கட்டுப் புதினாவோடு வந்தான். அது முட்டைகளைச் சுற்றி நின்றது. கடைசியில் மனைவி தன் துப்பட்டாவால் எல்லாவற்றையும் சேர்த்து மகளின் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். பன்னிரண்டு நிமிடம். பிறகு ஒற்றை ஷூவோடு போய்ப் படுத்துவிட்டாள்.

மைதானத்தில் பெற்றோர் கூட்டம். ஒவ்வொரு தொப்பியும் ஒரு கல்யாண மேடை. ஒரு பையனின் தொப்பியில் குட்டி மோட்டார் வைத்து முயல் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் அப்பா பக்கத்திலேயே நின்று, யாராவது கேட்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் கடைசி வரிசையில் வந்தாள். கழுத்தை அசைக்காமல், கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு, பட்டாபிஷேகத்துக்குப் போகும் ராணி மாதிரி. அலுமினியத்தில் வெயில் பட்டு முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைச் சுருக்கினார்கள். புதினா வாசம் எனக்கு முன்னால் நின்ற தாத்தா வரைக்கும் வந்தது.

“அது என்ன?” என்று ஒரு சின்னப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“முட்டைகள் பயணம் செய்யும் ராக்கெட்” என்றாள் மகள், யோசிக்கவே இல்லை.

இரண்டாவது சுற்று வரும்போது நாலு குழியும் காலியாக இருந்தன. பின்னால் வந்த இரண்டு பையன்கள் நடந்துகொண்டே ஒவ்வொன்றாகக் கைவைத்திருக்கிறார்கள். அழப்போகிறாள் என்று நான் ஓடினேன். அவள் முகமெல்லாம் பல்லாக நின்றாள். “அப்பா! தே ஏட் மை ஹேட்! வேற யாரோட ஹேட்டையும் யாரும் சாப்பிடலை!”

ஈஸ்டர் நாலு நாளும் மனைவிக்கு டூட்டி. அதனால் வழக்கம்போல ஒத்திவைத்தோம். லீவின் கடைசிச் சனிக்கிழமை எல்லோரும் மலைப்பக்கம் ஒரு பண்ணைக்குச் செஸ்நட் கொட்டை பொறுக்கப் போவது என்று முடிவு. அதற்கு மறுநாள் ஞாயிறு, தமிழ்ப் புத்தாண்டு. அன்று அவளுக்கு லீவு. ரோஸ்டரில் அந்த வெள்ளைக் கட்டத்தைச் சுற்றி நான் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன்.

மலைக்கு எங்களோடு பக்கத்து வீட்டு அன்ரியும் அங்கிளும் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல பத்தாண்டுகள் ஆனவர்கள். பிள்ளைகள் சிட்னியில். அங்கிள் முப்பது வருடம் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு எட்டு சீட் வேன் இருக்கிறது. அதில் எட்டுப் பேர் ஏறினால்தான் அவருக்குத் திருப்தி. ஆனால் ஓட்டுவது ட்ராம் வேகத்தில்தான்.

“அங்கிள், இது எண்பது கிலோமீட்டர் ரோடு” என்றேன்.

“தெரியும் தம்பி. தண்டவாளம் இல்லாத றோட்டில எனக்கு நம்பிக்கை இல்லை.”

மனைவி வெள்ளி இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்து ஏறியிருந்தாள். நீ வீட்டில் தூங்கு, நாங்கள் போய்வருகிறோம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். “ஈஸ்டரையும் விட்டுட்டேன், இதையும் விடச் சொல்றீங்களா? வேன்லயே தூங்கிக்கிறேன்” என்றாள். வேனில் தூங்க முடியவில்லை. மகன் ஒரே பாட்டின் ஒரே வரியை நாற்பது தடவை பாடினான். இடையில் அங்கிள் ஒவ்வொரு சிக்னலிலும் அங்கே நடந்த ஒரு ட்ராம் கதையைச் சொன்னார்.

மலை ஏறத் தொடங்கியதும் பாட்டு நின்றது. ரோட்டின் இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நடுவில் ஊதா மாதிரி ஏதோ ஒன்று. மகன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அலறினான்.

“அப்பா! மரம் தீப்பிடிச்சிருச்சு! ட்ரிபிள் ஜீரோவுக்கு போன் போடு!”

கிண்டர்கார்டனில் காட்டுத்தீ பற்றியும் ட்ரிபிள் ஜீரோ என்ற அவசர எண் பற்றியும் அப்போதுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவன் சீட் பெல்ட்டோடு கீழே குனிந்து, புகைக்கு அடியில் தவழ்வது எப்படி என்று எங்களுக்குச் செய்து காட்ட முயன்றான்.

“எரியேல்லை ராசா” என்றார் அன்ரி, சிரித்துச் சிரித்துக் கண் நனைந்தபடி. “பழுத்திட்டுது. மாம்பழம் பழுக்கிற மாதிரி இலை பழுக்குது.”

“அப்ப சாப்பிடலாமா?”

பண்ணையில் ஆளுக்கொரு வாளியும் தடித்த கையுறையும் கொடுத்தார்கள். செஸ்நட் மரத்திலிருந்து விழுவது கொட்டையாக இல்லை, ஒரு முள் உருண்டையாக. ரம்புத்தான் பழத்துக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதை ஷூவால் இரண்டு பக்கமும் மிதித்து உருட்டினால் வாயைப் பிளக்கும். உள்ளே பளபளவென்று பழுப்பு நிறத்தில் இரண்டு மூன்று கொட்டைகள் இருக்கும். மகளுக்கு ஐந்து நிமிடத்தில் வித்தை பிடிபட்டது. மகன் ஒவ்வொரு உருண்டைக்கும் “சாரி” சொல்லிவிட்டு மிதித்தான். அங்கிள் கையுறை வேண்டாம், ட்ராம் பிடித்த கை இது என்று சொல்லிவிட்டு முதல் உருண்டையைத் தொட்டார். பிறகு அரை மணி நேரம் அன்ரி அவர் விரலிலிருந்து முள் எடுத்தார்.

அதை முடித்ததும் அன்ரி வேட்டையில் இறங்கினார். தொப்பி, ட்ராக் பேண்ட், கையுறை, இடுப்பில் ஒரு துணிப்பை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஒரு சீனக் குடும்பம் கை வைத்திருந்த மரத்தை அவர் மறுபக்கத்திலிருந்து சுற்றி வளைத்தார்.

“அன்ரி, ஒரு வாளி போதாதா?”

“இது எங்கட பலாக்கொட்டை மாதிரித்தான் தம்பி இருக்கும். பால் விட்டுக் கறி வைச்சா உங்களுக்கு விளங்கும்.” சொல்லும்போதே இன்னொன்றை மிதித்தார்.

மதியம் பாய் விரித்து உட்கார்ந்தோம். அன்ரியின் இடியப்பம், சம்பல், எங்கள் புளியோதரை. பாய்க்குப் பக்கத்திலேயே பண்ணைக்காரர்கள் பிள்ளைகள் குதிப்பதற்காக மேப்பிள் இலைகளை மலை மலையாகக் கூட்டி வைத்திருந்தார்கள். எங்கள் இரண்டும் சாப்பிடுவதும் குதிப்பதுமாக இருந்தன. மகனின் இடியப்பத்தில் இலை, இலையில் இடியப்பம். வெயில் இளஞ்சூடாக முதுகில் விழுந்தது.

“அஞ்சு நிமிஷம்” என்றாள் மனைவி. ஒரு குவியலின் ஓரத்தில் சாய்ந்தாள். நானும் அங்கிளும் எல்லோருக்கும் டீ வாங்கப் போனோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அன்ரி இருந்தார். அவர் பாயிலிருந்து பத்தடி தூரத்தில், கண் பிள்ளைகள் மேலும் கால் செஸ்நட் மேலுமாக நின்றார்.

டீக்கு நீண்ட வரிசை. இருபது நிமிடம் கழித்துத் திரும்பியபோது பிள்ளைகள் இருவரும் இலைக்குவியலுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மிக ஒழுக்கமாக நின்றார்கள். அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“அம்மா எங்கே?”

மகள் உதட்டை மடித்துக்கொண்டு தோளைக் குலுக்கினாள். மகன் வானத்தைப் பார்த்தான்.

“டேய், அம்மா எங்கடா?”

“அம்மா இல்லை. அம்மா முடிஞ்சு போச்சு.”

அன்ரியைக் கேட்டேன். “இப்ப இதில படுத்திருந்தவ தம்பி. ரொய்லெட்டுக்குப் போனவவோ தெரியேல்லை. நான் பிள்ளையளைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.” அவள் போனுக்கு அடித்தேன். அது என் தோளில் தொங்கிய பையிலேயே அடித்தது. டாய்லெட் வரிசையில் இல்லை. வேனில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அன்ரி “பிள்ளை! பிள்ளை!” என்று கூப்பிட்டதில் வேறு நாலு பேர் திரும்பினார்கள். 

இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது பத்து நிமிடம் நான் பயந்தது நிஜம். மூன்று இரவு தொடர்ந்து வேலை பார்த்தவள். தலை சுற்றி எங்காவது விழுந்திருந்தால்? தோப்புக்குக் கீழே ஒரு ஓடை வேறு இருந்தது. அங்கிளை அந்தப் பக்கம் அனுப்பினேன். ட்ராம் வேகம் எல்லாம் எங்கேயோ போய், அவர் சரிவில் ஓடினார்.

நான் கவுண்டருக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண்மணி உடனே பதறிப்போய்ப் பேனாவை எடுத்தார்.

“காணாமல் போனவருக்கு என்ன வயது?”

“முப்பத்தாறு.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தார். “என்ன நிற உடை?”

ஆரஞ்சு ஸ்வெட்டர், சிவப்பு ஸ்கார்ஃப், பழுப்பு பேண்ட். சொல்லும்போதே சுற்றிப் பார்த்தேன். அந்த மலை முழுக்க அந்த மூன்று நிறம்தான் இருந்தது.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ஒரு அம்மாவைக் காணவில்லை, ஆரஞ்சு ஸ்வெட்டர், குடும்பம் கவலையோடு தேடுகிறது, பார்த்தவர்கள் கவுண்டருக்கு அழைத்து வரவும். பண்ணையே வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தேடத் தொடங்கியது. சீனக் குடும்பத்துத் தாத்தா, அன்ரியோடு இருந்த மரத் தகராறை மறந்து, புதருக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். என் பிள்ளைகள் மட்டும் இலைக்குவியலை விட்டு அசையவில்லை. மகள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்து, “ஒண்ணுமில்லடா செல்லம், அம்மா வந்துருவாங்க” என்று தலையைத் தடவினேன்.

அப்போது ஒரு வயதான தம்பதியின் வெள்ளை நாய்க்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து குவியலின் முன் நின்று குரைத்தது. குவியல் தும்மியது. நாய் பின்வாங்கியது. குவியலிலிருந்து ஒரு கை வெளியே வந்து, அலாரத்தை அணைக்கப் போனைத் தேடும் விதத்தில் பக்கத்தில் தட்டித் தட்டிப் பார்த்தது. நாயின் சொந்தக்காரப் பாட்டி ஒரு சத்தம் போட்டார், அதை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. என் மனைவி இலைகள் உதிர உதிர எழுந்து உட்கார்ந்தாள். தலையில் இலை, காதில் இலை, கன்னத்தில் ஒட்டிய இலை.

“மணி என்ன? டூட்டி ஹேண்ட்ஓவருக்கு லேட்டாயிடுச்சா?”

சுற்றி நின்ற அறுபது எழுபது பேர் கைதட்டினார்கள். மகள் குதித்தாள். “யாருமே கண்டுபிடிக்கலை! வீ வின்! வீ வின்!”

விஷயம் இதுதான். அம்மா தூங்கிவிட்டாள். குளிரும் என்று தம்பி முதலில் ஒரு இலையைப் போர்த்தினான். பிறகு இருவரும் சேர்ந்து போர்த்தினார்கள். பிறகு அது ஒளிந்து பிடித்து விளையாட்டாகிவிட்டது. விளையாட்டில் ஆளைக் காட்டிக்கொடுப்பது தப்பு. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவழைத்துப் பார்த்தேன்.

“அம்மாவுக்கு மூச்சு முட்டினா என்ன ஆகும்? யோசிச்சியா?”

“மூக்குக்கு ஜன்னல் வெச்சிருக்கோம் அப்பா” என்றாள் மகள், என் அறிவின்மையைப் பொறுத்துக்கொண்டு. பார்த்தேன். குவியலின் மறுபக்கத்தில், மனைவியின் மூக்கு இருந்த இடத்துக்கு நேராக, இலைகளை விலக்கி ஒழுங்காக ஒரு சதுரம் இருந்தது. அவ்வளவுதான், என் கோபம் போய்விட்டது. நான் அப்படியே குவியலில் விழுந்து சிரித்தேன். மகன் என் மேல் இலையைக் கொட்டத் தொடங்கினான். அங்கிள் ஓடையிலிருந்து முழங்கால் வரை சேற்றோடு மூச்சு வாங்க வந்து பார்த்தபோது நாங்கள் நாலு பேரும் அதற்குள் கிடந்தோம்.

“எனக்கும் ஒரு ஜன்னல் வையுங்கோ” என்று சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

மனைவி சொன்னாள், அந்த மாதத்திலேயே அவள் நன்றாகத் தூங்கியது அந்த நாற்பது நிமிடம்தானாம்.

மறுநாள் புத்தாண்டு. காலையில் கோலம் போட்டோம். வாசலில் இல்லை, கராஜ் முன்னால். பச்சடிக்கு மாங்காய் இல்லை. ஸ்பிரிங்வேல் சந்தையில் கிடைத்திருக்கும், போக நேரமில்லை. பச்சை ஆப்பிளில் செய்தோம். வெல்லம், உப்பு, மிளகாய், அன்ரி கொடுத்த காய்ந்த வேப்பம்பூ எல்லாம் சேர்ந்ததும் ஆப்பிளுக்குத் தான் ஆப்பிள் என்பதே மறந்துபோனது. ரவா லட்டு என் பொறுப்பு. வெள்ளிக்கிழமையே முப்பது பிடித்து டப்பாவில் வைத்திருந்தேன். சாமிக்கு வைக்க டப்பாவைத் திறந்தால் ஆறுதான் இருந்தது.

மகனைப் பார்த்தேன். “நான் ரெண்டுதான் சாப்பிட்டேன்” என்று நாலு விரலைக் காட்டினான். அதை அதோடு விட்டோம். பூஜை முடிந்தது, வடை சாப்பிட்டோம், மூன்று மணி ஆனது. காலிங் பெல் அடித்தது.

வாசலில் மகளின் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர். அவர்களுக்குப் பின்னால் அப்பா அம்மாக்கள். ஒருவர் கையில் பூந்தொட்டி, ஒருவர் கையில் கேக், எல்லார் முகத்திலும் கொஞ்சம் கூச்சம். “ஹேப்பி நியூ இயர்!” என்றார்கள். நான் வேட்டியோடு நின்றேன். பூந்தொட்டியை வாங்கிக்கொண்டேன்.

மகள் என் காலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஓ, சொல்ல மறந்துட்டேன். நான் இன்வைட் பண்ணேன்.” லீவு விட்ட அன்றே ஆளுக்கொரு கடுதாசியில் எங்கள் விலாசத்தையும் நாளையும் மணியையும் எழுதி, யானை படம் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

“யானை எதுக்கு?” என்று மனைவி அவள் காதில் கேட்டாள்.

மகள் பதில் சொல்லும் முன் ஒரு அம்மா, மோட்டார் முயல் பையனின் அம்மா, என்னிடம் ஆர்வமாக ஆங்கிலத்தில் கேட்டார்: “உங்கள் யானை எத்தனை மணிக்கு வரும்? இவன் இரண்டு வாரமாக வேறு பேச்சே பேசவில்லை.”

கேட்டுக் கேட்டுக் கோத்ததில் புரிந்தது. ஈஸ்டருக்கு முயல் வந்து முட்டைகளை ஒளித்துவைப்பது போல, தமிழ்ப் புத்தாண்டுக்கு ஒரு யானை வந்து தோட்டத்தில் லட்டுகளை ஒளித்துவைக்கும் என்று என் மகள் வகுப்பு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். மீதி இருபத்திரண்டு லட்டு, ஃபாயில் சுற்றி, காலையிலேயே தம்பியின் துணையோடு கொல்லைக்குப் போய்விட்டிருந்தது.

ஐந்து பிள்ளைகளும் எங்களைப் பார்த்தார்கள். மகள் எங்களைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மனைவி முந்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பேசும் அதே நிதானமான குரல்.

“வந்துவிட்டுப் போய்விட்டது. விடியும் முன்னாலேயே வந்துவிடும். மிக மெதுவாக நடக்கும், யாருக்கும் கேட்காது.”

“எல்லா வருடமுமா?”

“எல்லா வருடமும். பல ஆயிரம் வருடமாக.”

செஸ்நட் கறிச் சட்டியோடு அப்போதுதான் வேலியோரக் கதவு வழியே வந்த அங்கிள் நின்று கேட்டார். தலையை ஆட்டினார். “ஆம். யாழ்ப்பாணத்திலும் யானைதான்” என்றார், சுத்தமான ஆங்கிலத்தில். பின்னால் வந்த அன்ரி அவர் முதுகில் ஒரு குத்து விட்டார். “வெக்கமில்லாமல் பொய் சொல்லுறியள்.”

கதவைத் திறந்துவிட்டோம். ஏழு பிள்ளைகள் கொல்லையில் பாய்ந்தார்கள். லட்டு பார்பிக்யூ அடுப்புக்குள் இருந்தது, துணி காயப்போடும் கிளிப் கூடையில் இருந்தது, என் ரப்பர் பூட்டுக்குள் இருந்தது. எங்கே எத்தனை வைத்தாள் என்று மகளுக்கே ஞாபகமில்லாததால் அவளும் மற்றவர்களைப் போலவே கத்திக்கொண்டு தேடினாள். கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் நின்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: “யானை வந்திருந்தால் கால் தடம் எங்கே?” மகன் அவள் கையைப் பிடித்துப் போய், தக்காளிச் செடிகளுக்கு நடுவே அவன் ஒரு மாதமாக மண்வெட்டியால் தோண்டி வைத்திருந்த நாலு பள்ளங்களைக் காட்டினான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு கையால் அளந்து பார்த்தாள்.

வேலியில் உட்கார்ந்திருந்த மேக்பை ஒன்று இறங்கி, ஒரு பையன் பிரித்த லட்டை அவன் கையிலிருந்தே கொத்திக்கொண்டு போனது. அவன் அழவில்லை. “பறவைக்கும் நியூ இயர்!” என்று கூவினான். அங்கிள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் துள்ளி எழுந்தார். அவருக்கு அடியில் ஒன்று இருந்தது. அது தட்டையாகிவிட்டது; அதையும் மூன்று பேர் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள்.

நான் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு பூரிக்கு மாவு பிசைந்தேன். மனைவி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அதுவரை அடக்கி வைத்திருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். “பல ஆயிரம் வருஷமா…” என்று தொடங்கி முடிக்க முடியாமல் மறுபடி சிரித்தாள். ஊரைவிட்டு வந்து இத்தனை வருடத்தில் ஒரு பண்டிகை நாளில் எங்கள் வீடு நிறைந்திருந்தது அதுதான் முதல் தடவை. அதை அவளும் நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் எழுந்து அப்பளம் பொரிக்கத் தொடங்கினாள்.

செஸ்நட் கறியை எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். அன்ரி சொன்னது சரிதான், பலாக்கொட்டையேதான். ஆப்பிள் பச்சடியைச் சாப்பிட்ட மோட்டார் அப்பா, இனிப்பா, புளிப்பா, கசப்பா, உறைப்பா என்று முகத்திலேயே நாலு பதிலும் சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டார்.

ஐந்து மணிக்குக் கிளம்பத் தயாரானார்கள். போகும் முன் தமிழில் வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மகள் அவர்களை வரிசையில் நிற்கவைத்து இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தாள். பிறகு கையைத் தூக்கினாள். ஐந்து பேரும் அன்ரியைப் பார்த்து ஒரே குரலில் கத்தினார்கள்:

“புட்டாண்டு வாட்டுகள்!”

அன்ரிக்குக் காது கொஞ்சம் மந்தம்.

“புட்டோ? புட்டு வேணுமாமோ பிள்ளையளுக்கு?” அவர் முகம் மலர்ந்தது. “பொறுங்கோ, பொறுங்கோ, ஒருத்தரும் போகாதேங்கோ. இப்ப அவிச்சுத் தாறன்.”

யாரும் திருத்துவதற்குள் அவர் வேலியோரக் கதவைத் தாண்டித் தன் குசினிக்குப் போய்விட்டார். வெளியே தூறல் விழத் தொடங்கியது. கழற்றி வைத்த கோட்டை மாட்டப்போன பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மறுபடி ஆணியில் தொங்கவிட்டார்கள். கால் மணி நேரத்தில் அன்ரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆவி பறக்கும் புட்டோடு மழைக்குள் வந்தார். அங்கிள் பின்னாலேயே வாழைப்பழச் சீப்போடு வந்தார். ஏழு பிள்ளைகளும் சமையலறைத் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மோட்டார் முயல் பையன் புட்டைப் பிசைந்து, வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்று, என் மகளிடம் கேட்டான்: “இதையும் யானைதான் கொண்டுவந்ததா?”

“இல்லை” என்றாள் மகள். “இது அன்ரி.”